அரங்கில் அணைத்த கைப்பேசி

சித்திரை, சனிக்கிழமை, இரவு.

எல்லையில் இருக்கும் மகன் குமார் நான்கு நாட்களாகப் பேசவில்லை. வீட்டில் செய்திச் சேனல் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. மதியம் மருமகள் செல்வி அதை நிறுத்திவிட்டு, "மாமா, அந்தப் பறக்கற மனுசன் படத்துக்குப் போலாங்களா?" என்றாள். புருஷன் போர்முனையில் இருக்கும்போது சினிமாவா என்று எங்கள் ஊர் வேங்கிக்கால் முழுக்கப் பேசுமே எனப் பயந்தேன். மறுக்கவும் பயம். போனோம்.

அரங்கு நிறைந்திருந்தது. கைப்பேசியை அணைக்கும்படி திரையில் போட்டார்கள். அணைத்தேன். "உன்னுதையும் ஆஃப் பண்ணும்மா" என்றேன்.

"இதையெல்லாம் யாரு மாமா கேக்கறாங்க?" என்று சிரித்துக்கொண்டே அணைத்தாள்.

ஊர்மேல் வந்த ஏவுகணையை நாயகன் வெறுங்கையால் பிடித்தான். "புடி, வுடாத!" என்று செல்வி கத்தினாள். எனக்குப் பின்னால் யாரோ அழுதார்கள். நானும் கைதட்டினேன், இந்த வயதில். நான்கு நாட்களாக வீட்டுத் திரையில் ஏவுகணைகள் விழுந்துகொண்டே இருந்தன. இங்கே ஒருவன் பிடித்துவிட்டான். அத்தனை பேரும் அதைப் பார்க்கத்தான் வந்திருந்தார்கள் போலும்.

வெளியே வந்து இருவரும் கைப்பேசியை உயிர்ப்பித்தோம். தவறிய அழைப்புகள் குறுஞ்செய்திகளாக வந்தன. குமார் எங்கள் இருவருக்கும் மாறி மாறி அழைத்திருக்கிறான். கடைசி அழைப்பு மூன்று இருபதுக்கு. திரும்ப அழைத்தால் இணைப்புக் கிடைக்கவில்லை. செல்வியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"வுடுங்க மாமா. மூணு இருபதுக்கு நல்லாத்தானே இருந்துருக்காரு" என்றாள்.

ஆமாம், மூன்று இருபதுக்கு.

இப்போது மணி பத்தே முக்கால்.