வினிகரில் கிடந்த கீல்கள்

மச்சான்,

இன்று மதியம் ஊறுகாய்க்காக வினிகர் பாட்டிலைத் திறந்தேன். நெடி மூக்கில் ஏறியதும் மூடி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போய் இரண்டு வருடமாகிறது.

இருபத்திரண்டு வருடம் சவூதியில் இருந்துவிட்டு நீங்கள் மீமிசலுக்குத் திரும்பியபோது, நமக்குள் பேச ஒன்றுமே இருக்கவில்லை. போனில் பேசியே பழகிய புருஷன் பெண்டாட்டிக்கு எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடக் கூச்சமாக இருந்தது. ஒரு மாதம் கழித்து, அறந்தாங்கியிலிருந்து ஒரு பழைய அம்பாசடரை லாரியில் கொண்டுவந்து இறக்கினீர்கள். தொட்டால் துரு உதிரும் வண்டி. இரண்டு நாள் நான் உங்களுக்கு முகம் கொடுக்கவில்லை.

கதவுகளைக் கழற்றி, கீல், போல்ட், ஸ்பிரிங் எல்லாவற்றையும் கொல்லையில் பரப்பினீர்கள். நான் அரிசி களையும் பேசினில் வினிகரை ஊற்றி அவற்றை ஊறப்போட்டதைப் பார்த்ததும் சண்டைக்கு வந்தேன். நீங்கள் ஒரு பழைய டூத் பிரஷை என் கையில் கொடுத்தீர்கள். தேய்க்கத் தேய்க்கச் செம்பழுப்புத் தண்ணீர் வழிந்து, அடியில் சாம்பல் நிறத்தில் இரும்பு தெரிந்தது. பிறகு தினமும் சாயங்காலம் அசர் தொழுதுவிட்டு நானே வந்து உட்கார்ந்தேன். நீங்கள் தேய்ப்பீர்கள். நான் சோடா உப்புத் தண்ணீரில் அலசித் துடைத்து, எண்ணெய் தடவி வைப்பேன். நாலு மாதத்தில் மூன்று கதவுகள் மாட்டியாகிவிட்டன.

அன்று காலை கடைசிக் கதவின் கீல்களை ஊறப்போட்டுவிட்டு, "சாயங்காலம் ஞாபகமா எடுத்துரணும் புள்ள. கூடக் கெடந்தா துருவோட இரும்பையும் தின்னுரும்" என்றீர்கள். மதியத் தொழுகைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்களாம். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

அடக்கம் முடிந்தும் வீடு நிறைய ஆட்கள். நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கும் இத்தாவில் உள்ளறையில் இருந்த என்னைச் சுற்றி எல்லோரும் அழுதார்கள். எனக்குத்தான் கண்ணீர் வரவில்லை. ஒன்பதாம் நாள் கொல்லைப் பக்கம் போனபோதுதான் பேசினைப் பார்த்தேன். கையை விட்டு எடுத்தேன். கீல்கள் கறுத்து அரித்துப் போயிருந்தன. போல்ட்டுகளில் மரையே இல்லை. நீங்கள் என்னிடம் விட்டுப் போனது அந்த ஒரு வேலை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். என் தங்கை ஓடிவந்து, இரும்புதானே அக்கா, விடு என்று தூக்கினாள்.

இத்தா முடிந்ததும் உங்கள் தம்பி, வண்டியைக் காயலான் கடையில் போட்டுவிடலாம் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் மீமிசல் கடல் காற்று விடுமா? நாம் தேய்த்து மாட்டிய கதவுகளின் கீல்களிலும் மறுபடி துரு ஏறியது. தனியாகத் தேய்க்க உட்கார்ந்து பார்த்தேன். முடியவில்லை. போன மாதம் நானே அவரைக் கூப்பிட்டு எடுத்துப் போகச் சொல்லிவிட்டேன். கோபப்படாதீர்கள்.

வண்டி போனது கூட இப்போது ஆறிவிட்டது. ஒரு சாயங்காலம்தான் ஆறவில்லை. தலை நிமிராமல் ஒரு ஸ்பிரிங்கைத் தேய்த்துக்கொண்டே கேட்டீர்கள்.

"நம்ம மக யாரு மாதிரி இருந்துச்சு?"

பிறந்து மூன்றே நாளில் போன நம் ஒரே பிள்ளை. நீங்கள் சவூதியில் இருந்தீர்கள். போனில்தான் சொன்னோம். அதன் பிறகு ஒருமுறைகூட நீங்கள் அவளைப் பற்றிக் கேட்டதில்லை. அதற்காக நான் உங்களை மன்னிக்கவும் இல்லை.

"ஒங்க நெத்தி மச்சான். தலை நெறைய முடி."

ஸ்பிரிங்கைக் கீழே வைத்தீர்கள். "கேக்கப் பயமா இருந்துச்சு புள்ள" என்றீர்கள். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும்வரை இருவரும் எழுந்திருக்கவில்லை.

அதுவரை அவளை நினைத்திருக்க நான் ஒருத்திதான் என்று எண்ணியிருந்தேன். அன்றிலிருந்து சில வாரம் நாம் இரண்டு பேராக நினைத்தோம். இப்போது மறுபடி நான் ஒருத்தி. அவளோடு உங்களையும் சேர்த்து நினைக்க.