நிபந்தனையோடு ஒரு விடுதலை

பிப்ரவரி 11, மில்பிடாஸ்
சாக்ரமெண்டோ சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. ஏப்ரல் 15க்குள் ஒப்புதல் சொல்ல வேண்டும். ரஞ்சித்துக்கும் சந்தோஷம்தான். "முதல்ல லைசன்ஸ் வாங்கு. அப்புறம் தாராளமா போ" என்றான். சரி. மார்ச் 6 டிரைவிங் டெஸ்ட்.

மார்ச் 6
டெஸ்டுக்குக் கார் நாம்தான் கொண்டுபோக வேண்டும். இருக்கும் ஒரே காரை எட்டு மணிக்கே ரஞ்சித் எடுத்துக்கொண்டு குபெர்டினோ ஆபீசுக்குப் போய்விட்டான். திடீர் மீட்டிங்காம். அடுத்த தேதி ஏப்ரல் 9.

மார்ச் 15
சான் ரமோனில் ஸ்வர்ணா ஆன்ட்டி வீட்டில் பாட்லக் விருந்து. எல்லார் முன்னாலும், "புருஷன் படிக்க விடறான். நீ குடுத்து வெச்சவ" என்றார். ரஞ்சித் அடக்கமாகச் சிரித்தான். விடுவதற்கு அவன் யார்? நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை?

மார்ச் 22
நூலகத்திலிருந்து ரோமானியச் சட்டம் பற்றி ஒரு புத்தகம். முப்பது வயதாகாத அடிமையை விடுவித்தால், தகுந்த காரணத்தைச் சபை முன் காட்ட வேண்டும். இல்லையேல் முழுக் குடியுரிமை கிடையாது. உயிலில் நிபந்தனை போட்டும் விடுவிக்கலாம்: இதைச் செய்தால் நீ சுதந்திரன்.

நான் அடிமை இல்லை. என்னை யாரும் விற்கவில்லை. அப்படிச் சொன்னால் விற்கப்பட்டவர்களுக்கு அவமரியாதை. ஆனால் ‘இதைச் செய்தால்’ என்ற அந்த வாக்கியம் எனக்குப் பழக்கமானது.

ஏப்ரல் 9
இன்றும் கார் இல்லை. "சாரி, மறந்தே போச்சு. சர்வீஸுக்கு விட்டுட்டேன்."
மறதியா? ஃபிரிட்ஜ் கதவுல தேதிய ஒட்டி வெச்சிருந்தேனே — சிவப்புல.

ஏப்ரல் 10
அதே புத்தகம், அடுத்த பக்கம். நிபந்தனை நிறைவேறாதபடி எஜமானின் வாரிசே தடுத்தால், அது நிறைவேறியதாகவே சட்டம் கொள்ளும். அடிமைக்கு விடுதலை. அடிமைகளை வைத்திருந்தவர்களே எழுதிய சட்டம். அவங்களுக்கே புரிஞ்சிருக்கு.

ஏப்ரல் 12
கல்லூரிக்கு ஒப்புதல் அனுப்பிவிட்டுத்தான் அவனிடம் சொன்னேன்.
"லைசன்ஸ்?" என்றான்.
"ரெண்டு தடவை நீயே தடுத்துட்ட. கண்டிஷன் அதோட முடிஞ்சுது."
"இது எந்த ஊர் நியாயம்?"
"ரோமாபுரி."
அவன் சிரிக்கவில்லை. நானும்தான்.

மே 20
டெஸ்டுக்கு ஸ்வர்ணா ஆன்ட்டியிடம் கார் கேட்டேன். காரணத்தையும் மறைக்கவில்லை. கார் சாவியைத் தேடி எடுத்தார். பிறகு, "நான் பக்கத்துல உக்கார்றேன், வா" என்றார். பாஸ்.

ஆகஸ்ட் 24, சாக்ரமெண்டோ
அறையிலிருந்து கல்லூரி பத்து நிமிட நடை. லைசன்ஸ் மேசை டிராயரில் கிடக்கிறது. ரஞ்சித் போன் செய்தான். சனிக்கிழமை இங்கே வரலாமா என்று என்னிடம் அனுமதி கேட்டான்.