இந்தப் புரட்டாதியில் நான் வெட்டவில்லை

இன்று காலை கிணற்றில் வாளியை இறக்கும்போது ஒரு வாசனை வந்தது. சவர்க்காரம் என்று முதலில் நினைத்தேன். கயிற்றைப் பிடித்தபடியே திரும்பிப் பார்த்தேன். உமது ரோசாச் செடி பூத்திருந்தது. ஒன்றிரண்டல்ல, கொத்துக் கொத்தாக. எல்லாம் வெள்ளைப் பூ. ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரிது, ஐந்தே இதழ். கயிறு என் கையிலிருந்து நழுவி வாளியோடு கிணற்றுக்குள் போய்விட்டது.

நீர் போய் ஓராண்டும் இரண்டு மாதமும் ஆகிறது. நேரில் சொல்லத் துணியாததை இப்போது எழுதுகிறேன் என்பதில் எனக்கே வெட்கம். ஆனால் நான் அப்படிப்பட்டவன்தான் என்று உமக்குத் தெரியும். கந்தோரில்கூட மேலதிகாரியிடம் சொல்லவேண்டியதைத் துண்டில் எழுதி, அவர் இல்லாத நேரம் மேசையில் வைத்துவிட்டு வருகிறவன்.

அந்தச் செடியை எங்கள் மகன் கொண்டுவந்த நாள் நினைவிருக்கிறதா? அவனைப் பெயர் சொல்லி அழைத்ததே குறைவு. எங்களுக்கு அவன் தம்பிதான். போர் ஓய்ந்து, வடக்குக்கு வரும் பாதை திறந்திருந்த காலம். மலைநாட்டில் வேலை பார்த்தவன் விடுமுறையில் வரும்போது, ஒரு பால்மாத் தகர ரின்னுக்குள் அதை மண்ணோடு வைத்து, மடியிலேயே சுமந்து வந்தான்.

"ஆமிச் சோதனையிலை மண்ணுக்குள்ளை கம்பி விட்டுக் குத்திப் பாத்தவங்கள். அம்மாவுக்குப் பூக்கண்டு எண்டு சொன்னன், நம்பேல்லை," என்றான்.

"உன்ரை தலைமயிர் வெட்ட நேரமில்லை, பூக்கண்டு காவ நேரமிருக்கு," என்று ஏசினீர். ஏசிக்கொண்டே கிணற்றடியில், குளிக்கிற தண்ணீர் போய்ச் சேருமிடத்தில், குழி வெட்டினீர். மூன்றாம் மாதம் கறுஞ்சிவப்பில் ஒரு பூ வந்தது. நீர் அதைச் சாமிக்கும் வைக்கவில்லை, தலைக்கும் வைக்கவில்லை. செடியிலேயே உதிரவிட்டீர்.

பிறகு பாதை மூடியது, தம்பியும் எங்களோடு அகப்பட்டுக்கொண்டான். நடந்ததை விரித்தெழுத என்னால் முடியாது. போரின் கடைசி நாளில் சனத்தோடு சனமாக நடந்து வந்தபோது இராணுவத்தினர் தம்பியை வேறொரு வரிசையில் நிற்கச் சொன்னார்கள். தோளில் கிடந்த பையை உம்மிடம் தந்துவிட்டுப் போனான். நாங்கள் திரும்பிப் பார்த்தபோது அந்த வரிசை அங்கே இல்லை.

அகதி முகாமிலிருந்து எங்கள் ஊர் வட்டக்கச்சிக்குத் திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இல்லை. நீர் அதைப் பார்க்கவில்லை. நேரே கிணற்றடிக்குப் போனீர். செடி கருகி, முழங்கால் உயரக் கட்டையாக நின்றது. அதன் அடியில் ஒரு பச்சைத் தளிர்.

"இஞ்சாருங்கோ, ஓடி வாங்கோ! தம்பியின்ரை கண்டு சாகேல்லை. அவனும் எங்கையோ இருக்கிறான்."

நான் குனிந்து பார்த்தேன். ஒட்டுக்கன்று என்பது உண்மையில் இரண்டு செடி. வேர் காட்டு ரோசாவுடையது. அதன்மேல் நல்ல ரோசாவின் முளையை வைத்துக் கட்டுவார்கள். கட்டிய இடம் முடிச்சுப்போலத் தடித்திருக்கும். அந்தத் தளிர் முடிச்சுக்குக் கீழேயிருந்து வந்திருந்தது. ஒரு காம்பில் ஏழு சிற்றிலை. தம்பியின் ரோசாவுக்கு ஐந்து. முடிச்சுக்கு மேலே எல்லாம் செத்திருந்தது.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? நல்ல தளிர்தானே?"

"ஓம்," என்றேன்.

அந்தச் சொல்லைத் திருப்பி எடுக்க எத்தனையோ தரம் நினைத்தேன். உமது முகத்தைப் பார்த்ததும் முடியாமல் போனது. பிறகு வேறொரு பயம் பிடித்தது. அது பூத்தால் வெள்ளையாகத்தான் பூக்கும். அதைக் கண்டால் தம்பியைப் பற்றி நீர் என்ன முடிவுக்கு வருவீர் என்று எனக்குத் தெரியும். காட்டு ரோசா முந்திய ஆண்டுக் கொப்புகளில்தான் பூக்கும், ஆண்டுதோறும் ஒட்ட வெட்டினால் பூக்காது என்று ஒரு புத்தகத்தில் வாசித்திருந்தேன்.

அப்படித்தான் தொடங்கியது. ஒவ்வொரு புரட்டாதி மாதமும், மாரி மழைக்கு முன், கொப்பு வெட்டும் கத்தரியைக் கொதிநீரில் கழுவுவேன். வெளிப்பக்கம் பார்த்த முளைக்குக் கால் அங்குலம் மேலே, தண்ணீர் தங்காதபடி சரிவாக வெட்டுவேன். நீர்ப்பாசனக் கந்தோரில் வாய்க்கால் வரைந்த கையால் செடியை ஒரு கொப்பியில் வரைந்து, வெட்டிய இடங்களைக் குறித்து வைப்பேன். ஒருவரும் குறை சொல்லமுடியாத வேலை. செடி ஒருநாளும் பூக்கவில்லை.

முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்து பக்கத்து வளவில் குடியேறிய பிலோமினா வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பார். "ஐயா, நீங்கள் ரோசா வளக்கிறியளோ, இல்லாட்டி அதுக்கு மொட்டை அடிக்கிறியளோ?"

நீர்தான் எனக்காகப் பரிந்து பேசுவீர். "அவர் படிச்சு வெட்டுறார். நீர் உம்மட முருங்கையைப் பாரும்."

தம்பியின் படம் அலுமாரிக்கு மேலே இருந்தது. என் தங்கை ஒருமுறை அதற்கு வைக்கச் செவ்வரத்தம்பூ கொண்டுவந்தபோது கையைத் தட்டிவிட்டீர். "பூ வைச்சால் முடிஞ்சுது எண்டு அர்த்தம். என்ரை பிள்ளைக்கு ஒருத்தரும் பூ வைக்கக்கூடாது. நான் செத்தாப் பிறகும்."

உமது கடைசிப் புரட்டாதியில் கால் வீங்கி, கிணற்றடிவரை நடக்க முடியாமல் போனது. கட்டிலை யன்னலோரம் போடச் சொன்னீர். ஒருநாள் காலை கேட்டீர்.

"இஞ்சாருங்கோ, இந்த வருசம் வெட்டாதேங்கோ. எப்பிடிப் பூக்குதெண்டு ஒருக்காப் பாப்பம்."

"ஓம்," என்றேன்.

மூன்றாம் நாள் பிலோமினா உம்மை ஓட்டோவில் கிளினிக்குக் கூட்டிப்போனார். நான் கத்தரியை எடுத்தேன். அதைக் கழுவக்கூட இல்லை. அவசரத்தில் பல வெட்டுகள் முளையையே சிதைத்துவிட்டன. அந்த ஆண்டு படமும் வரையவில்லை.

நீர் திரும்பி வந்து யன்னலால் கனநேரம் பார்த்தீர்.

"வெட்டிப்போட்டியளோ?"

"பூச்சி பிடிச்சிருந்தது."

"ஓம். பூச்சி எண்டால் வெட்டத்தானே வேணும்."

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தீர். அதன்பிறகு செடியைப் பற்றி ஒரு கதையும் இல்லை. கார்த்திகையில் போய்விட்டீர்.

தெரிந்துகொண்டு கேட்டீரா, தெரியாமல் கேட்டீரா? உமது கட்டிலில் இருந்து, அதே யன்னலால் பார்த்துப் பார்த்து யோசித்தும் எனக்கு விளங்கவில்லை. வெள்ளைப் பூவை நீர் தாங்கமாட்டீர் என்று முடிவு செய்தது நான். தாங்கமாட்டாதவன் நானாகவும் இருந்திருக்கலாம். தம்பி இனி இல்லை என்று நீர் வாய்விட்டுச் சொல்லியிருந்தால், நான் எதைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன்?

நீர் போன பிறகு வந்த இந்தப் புரட்டாதியில் கத்தரியை எடுக்கவில்லை. அவ்வளவுதான் நான் செய்தது. நீர் கேட்டது ஓராண்டு பிந்தி நடந்திருக்கிறது.

பிலோமினா இன்று வேலியடியில் பகிடி விடாமல் நின்றார். பிறகு, "அவா பாத்திருக்க வேணும், ஐயா," என்றார். நான் ஒரு கொத்தை ஒடித்துக்கொண்டு உள்ளே வந்து உமது படத்துக்கு முன் வைத்தேன். இரண்டு பூ நிலத்தில் விழுந்தன. அவற்றைப் பொறுக்கிக்கொண்டு நிமிர்ந்தபோது தம்பியின் படம் நேரே இருந்தது. கை தானாக உயர்ந்தது. அதை இறக்கிக்கொண்டேன்.

செடி விடயத்தில் உமது சொல்லை மீறினேன். இதில் மீறவில்லை. இரண்டு பூவையும் என் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். இதை எழுதும்போதும் அவை அங்கேயேதான் இருக்கின்றன.