இளைக்க ஒரு கஷாயம்

மார்ச் 4, வியாழன்
ஜப்பான் கணக்கில் ஆண்டை 2603 என்று எழுத உத்தரவு. இந்த நோட்டில் 1943தான்.

கடும் வெயில். ரப்பர் இலையெல்லாம் உதிர்ந்து, ஒதுங்க நிழலில்லை. குருண் பக்கத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். கட்டிலுக்கடியில் பதுக்கிய அரிசி மூட்டை. ஆளைப் பார்த்ததுமே ஜப்பான்காரனுக்குச் சந்தேகமாம். "கெமோக்" என்றானாம். குண்டன்.

எங்கள் தோட்டத்தில் குண்டன் நான் ஒருவன்தான். அரிசியைக் கண்ணால் பார்த்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது. மூன்று வேளையும் மரவள்ளி. சொன்னால் எவன் நம்புவான்? மனைவி கமலத்திடம் சொல்லவில்லை. அழுவாள்.

மார்ச் 5
ஆஸ்பத்திரி மருந்தறை: காய்ச்சலுக்குக் கொய்னா கொஞ்சம். பஞ்சு இல்லை. ஊசி மருந்து எதுவும் இல்லை. பேதி உப்பு இல்லை. இருந்திருந்தால் நானே குடித்திருப்பேன்.

மத்தியானம் கூலியாட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போய், நாட்டு வைத்தியம் பார்க்கும் அங்கம்மாளிடம் இளைக்க மருந்து கேட்டு நின்றேன். போன வருடம் அவள் கஷாயச் சட்டியை எட்டி உதைத்த அதே டாக்டர் நான். மானம் போனது. பயம் அதைவிடப் பெரிது. அவள் சிரிக்கவில்லை. காலையில் வெறும் வயிற்றில் வாழைத்தண்டுச் சாறு, படுக்குமுன் கடுக்காய்க் கஷாயம்.

திரும்பும்போது குழாயடியில் இரண்டு பெண்கள்: "நாமெல்லாம் எலும்பா போயிட்டோம். டாக்டருக்கு மட்டும் எங்கேருந்து வருது சதை?"
"பெராஸ் இருக்கும் லா. டாக்டர் வூட்டுல இல்லாமயா?"

என் வீட்டில் அரிசி இருக்கிறதென்று யாராவது ஒருவர் போய்ச் சொன்னால் போதும்.

மார்ச் 8, திங்கள்
காலையிலிருந்து ஐந்து முறை ஓட்டம். கன்னம் ஒட்டிவிட்டது. சந்தோஷம். ஆனால் வயிறு அப்படியே. செருப்பு கடிக்கிறது. ஆஸ்பத்திரிப் படி நாலு ஏறினால் மூச்சு வாங்குகிறது. கஷாயத்தின் வேலை என்று நினைக்கிறேன்.

கமலம்: "என்னங்க, மூஞ்சி இப்படி வாடிப்போச்சு?" எரிந்து விழுந்தேன். பாவம்.

ஜப்பான் அதிகாரி புதன்கிழமை வருகிறான். எல்லோரையும் ஆளெண்ணும் பெரட்டுக் களத்தில் நிறுத்துவானாம்.

மார்ச் 9
இன்னும் கடுமையாக ஏதாவது கொடு என்று அங்கம்மாளைக் கேட்டேன். அவள் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோவிச்சுக்காதீங்க ஐயா. இது சதை இல்லீங்க. தண்ணி கோத்திருக்கு. மருந்த நிறுத்திடுங்க."

கத்திவிட்டு வந்துவிட்டேன்.

வேறு எவன் காலாக இருந்தாலும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்திருப்பேன். லயத்தில் தினம் அதுதானே வேலை. அழுத்திய இடத்தில் குழி நின்றால் பெரிபெரி. சரியான சாப்பாடு இல்லாத வீக்கம். மூன்று பேரைப் புதைத்தாகிவிட்டது.

என் காலை அழுத்திப் பார்க்கவில்லை. முடியவில்லை.

மார்ச் 10
அதிகாரி வந்தான். வரிசையில் யாரையும் பார்க்கவில்லை. நேராக என்னிடம். வாளுறையால் வயிற்றில் ஒரு குத்து. "கெமோக்! பெராஸ் மானா?"

அரிசி எங்கே என்கிறான். பெண்கள் பக்கம் கமலம் கையெடுத்துக் கும்பிட்டபடி நிற்கிறாள். என்ன செய்கிறேன் என்று தெரியாமலே காற்சட்டையைச் சுருட்டினேன். குனிந்து, முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். எடுத்தேன்.

குழி அப்படியே நின்றது.

லயத்து ஆட்களுக்கு அதன் அர்த்தம் தெரியும், நான்தானே சொல்லிக்கொடுத்தேன். அவனுக்கும் தெரிந்திருக்கிறது. "சாகிட்" என்றான். நோயாளி. காறித் துப்பிவிட்டுப் போனான்.

கமலத்துக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளையாருக்கு நூறு தோப்புக்கரணம் போடப் போகிறாளாம். "நல்லவேள, காலக் காட்டுனீங்க" என்று சிரிக்கிறாள். அந்தக் குழி எதனால் என்று இன்னும் கேட்கவில்லை.