மறு காது

கடத்தூர்
20-2-1983

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை தீர்த்தம்மாள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், உங்கள் மாப்பிள்ளை, குழந்தை மூவரும் சுகம். பெங்களூர்ப் பனி உங்களுக்கு ஒத்துக்கொள்ளாதே, மார்ச்சளி எப்படி இருக்கிறது?

குழந்தைக்கு அம்மா பெயரையே வைத்து சாலம்மாள் என்று கூப்பிடுகிறோம். இரண்டு பொங்கல் போய்விட்டது, மாமன் முகத்தை அவள் இன்னும் பார்க்கவில்லை. அப்பா பார்த்து முடித்த சம்பந்தம் இது. அப்பாவே போய்ச் சேர்ந்த பிறகும் உங்கள் கோபம் போகவில்லை. உங்கள் மாப்பிள்ளையின் அப்பா குடித்தே செத்தவர்தான், இல்லை என்று சொல்லவில்லை. பதினொரு வயதில் சாராயக்கடையிலிருந்து அப்பனைத் தோளில் தாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த பிள்ளை இவர். அந்த வாடை வந்தாலே எழுந்து போய்விடுவார். நீங்களோ வாசல்படி மிதிக்காமலே அவரையும் குடிகாரர் என்று முடிவு கட்டிவிட்டீர்கள்.

சித்திரையில் காது குத்துகிறோம். தாய்மாமன் மடி வேண்டும். ஒரு தரம் நேரில் வந்து பாருங்கள் அண்ணா.

உங்கள் அன்புத் தங்கை,
தீர்த்தம்மாள்

பெங்களூர்
3-3-1983

தீர்த்தத்துக்கு அண்ணன் மாதையன் ஆசீர்வாதம்.

கடிதம் கிடைத்தது. அம்மா பெயர் வைத்ததைப் படித்ததும் லீவு சொல்லிவிட்டேன். காது குத்துக்கு வருகிறேன். தோடு எடுத்து வைத்துவிட்டேன், சிவப்புக் கல்.

மற்றதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. பதினாறு வருஷமாக ஆஸ்பத்திரியில் வார்டு பாயாக இருக்கிறேன். எவன் குடிக்கிறவன், எவன் குடிக்கப் போகிறவன் என்று ஆளைப் பார்த்ததும் சொல்லிவிடுவேன். நீ கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நிற்கும் நாளுக்காகப் பயந்துகொண்டே இருக்கிறேன். வேறொன்றுமில்லை.

மாதையன்

கடத்தூர்
9-5-1983

அண்ணனுக்கு,

நீங்கள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா என்று கேட்கக்கூடத் தயக்கமாக இருக்கிறது.

ஆசாரி ஒரு காதுதான் குத்தியிருந்தார். சந்தனக் கிண்ணத்தோடு வந்த உங்கள் மாப்பிள்ளை கால் பின்னி உங்கள் மேல் விழுந்தார். நாக்குக் குழறி "வாங்க மச்சான்" என்றார். அவ்வளவுதான். "பகல்லயே போட்டுக்கிட்டு வந்து நிக்கறான் பாருங்க" என்று ஊர் முன்னால் சொன்னீர்கள். குழந்தையை மடியிலிருந்து இறக்கிவிட்டு எழுந்து போய்விட்டீர்கள். இலை போட்டிருந்தது. ஒரு வாய் சாப்பிடவில்லை.

அண்ணா, சாமி சத்தியமாக அவர் குடிக்கவில்லை. இரண்டு மாதமாகவே நடக்கும்போது ஒரு பக்கம் சாய்கிறார். காலையில் எழுந்தால் தலைவலி, பிறகு வாந்தி. கடத்தூர் டாக்டர் பித்தம் என்று மாத்திரை கொடுத்தார், கேட்கவில்லை. உங்கள் ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர்கள் இருக்கிறார்களே, ஒருவரிடம் காட்டுங்கள். பொம்மிடியில் ரயிலேற்றிக் கூட்டி வருகிறேன். நீங்கள் ஸ்டேஷனுக்கு வந்தால் போதும்.

மறு காதை இன்னொரு மடியில் வைத்துக் குத்தச் சொல்லி எல்லோரும் சொல்கிறார்கள். அவர் சம்மதிக்கவில்லை. "மச்சான் வரட்டும். எங்கப்பன பாத்தவங்க என்னய அப்படித்தான நெனப்பாங்க" என்கிறார்.

தீர்த்தம்மாள்

பெங்களூர்
2-7-1983

தீர்த்தத்துக்கு,

உன் கடிதத்தைப் பத்து தரம் படித்தேன். காலையில் தலைவலி, வாந்தி, நடையில் தள்ளாட்டம், பேச்சில் குழறல். இதெல்லாம் எதனால் வரும் என்று எங்கள் வார்டு கூட்டுகிறவளுக்கும் தெரியும். குடிகாரனைக் கூட்டிக்கொண்டு டாக்டர் முன்னால் நின்றால் என் மரியாதை என்ன ஆகும்? உன்னை ஏய்க்கிறான், நீயும் நம்புகிறாய். எதற்கும் அவன் வாயை ஒரு நாள் மோந்து பார்.

பத்துப் பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். குடியை மறக்கவைக்கிற பொடி. அவனுக்குத் தெரியாமல் தினம் ஒன்று சோற்றில் கலந்து போடு. முதலில் வாந்தி அதிகமாகும், பயப்படாதே. நிறுத்தினான் என்று எழுது, மறுநாளே வந்து மறு காதைக் குத்துகிறேன்.

உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

மாதையன்

பெங்களூர்
11-12-1984

என் கண்ணான தீர்த்தத்துக்கு,

ஒன்றரை வருஷமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நேற்று பஸ் ஸ்டாண்டில் நம் ஊர் குப்புராஜைப் பார்த்தேன். கார்த்திகையில் உன் புருஷன் போய்விட்டான் என்றார். ஒரு தந்தி கொடுத்திருக்கக் கூடாதா?

நான் அன்றைக்கே சொன்னேன். ஈரல் வெந்திருக்கும். போனவனைப் பேசக்கூடாது, விட்டுவிடு. நீ என் தோளில் வளர்ந்தவள். இங்கே பக்கத்திலேயே ஓர் அறை பார்த்துவிட்டேன். எங்கள் ஆஸ்பத்திரியிலேயே ஆயா வேலைக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். பொங்கல் கழித்து வந்து உன்னையும் குழந்தையையும் கூட்டிப் போகிறேன். அன்றைக்குப் போடாத மறு தோடு என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

அண்ணன்

கடத்தூர்
20-12-1984

அண்ணனுக்கு,

அவருக்கு ஈரலில் ஒன்றுமில்லை. தலைக்குள் கட்டி. போன தை மாதம் சைக்கிளிலிருந்து விழுந்தவரை, சைக்கிள் கடை அப்துல் ரஷீத் அண்ணன் கடையைப் பூட்டிவிட்டு வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார், நானும் போனேன். ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார்கள். திரும்பி வரும்போது ரயிலில் அந்த ஆறு மாதத்தைப் பின்னோக்கி விரல் விட்டு எண்ணினேன். பொடி வந்த மாதம்தான் வந்தது.

அந்தப் பொடியை மூன்று நாள் அவருக்குப் போட்டேன் அண்ணா. வாந்தி அதிகமானதும் மருந்து வேலை செய்கிறது என்று நினைத்தேன். வயலிலிருந்து வந்தவர் பக்கத்தில் போய் வாயை மோந்தும் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. "நீயுமா தீர்த்தம்" என்று மட்டும் கேட்டார். உங்கள் மேல் எனக்கு இருக்கும் கோபத்தைவிட என் மேல் இருக்கும் கோபம் பெரிது. நான் தினம் பக்கத்திலிருந்து பார்த்தவள்.

கடைசி மாதம் பார்வை போய்விட்டது. ஒன்றரை வருஷம் ஒற்றைத் தோட்டோடு திரிந்தாள் குழந்தை. இனி மச்சானுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று அவரே சொன்னார். ரஷீத் அண்ணன் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து அவளை மடியில் வைத்துக்கொண்டார். "இனி நாந்தாங்க மாமன்" என்றார். ஆசாரி குத்தினார். அவள் அழுது ஓய்ந்ததும் அவள் அப்பா பக்கத்தில் கொண்டுபோனேன். விரலால் தடவி இரண்டு காதையும் தொட்டுப் பார்த்தார். அதற்கு நான்காம் நாள் போய்விட்டார்.

அறை பார்த்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நான் வருவேன் என்று அதையும் முன்பே நினைத்துக்கொண்டீர்கள். வயல் இருக்கிறது, தக்காளி போட்டிருக்கிறேன். நாங்கள் இங்கேயே இருக்கிறோம்.

மீதி ஏழு பொட்டலங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். வந்து பாருங்கள், வந்து பாருங்கள் என்று எத்தனை தரம் எழுதினேன். இனி எழுதமாட்டேன். நீங்கள் பார்க்க வேண்டியவர் இங்கே இல்லை.

இப்படிக்கு,
பச்சியப்பன் சம்சாரம்
தீர்த்தம்மாள்