டம்பர் வண்டிக்குத் திரும்பும் வரை

ஜூன் 3, திங்கள்

மபாலோ பிறந்து ஆறு வாரமும் இரண்டு நாளும். கிளினிக்கில் என்னையும் தராசில் ஏற்றினார்கள். தொண்ணூற்று நாலு. அவன் வயிற்றில் இருக்கும்போதே தொண்ணூற்று ஆறுதான். அவன் மட்டுமே மூன்று கிலோ இருந்தானே, அப்புறம் எப்படிக் குறைந்தது இரண்டு?

பிரஷர் 154/100. சிஸ்டர் டெம்போ பட்டையை அவிழ்த்து மறுபடி சுற்றிப் பார்த்தார். அதே எண்தான். "பிரசவத்துல ஏறினது இன்னும் இறங்கல. மாத்திரை எழுதியிருக்கேன். உப்பைக் குறை. களியைப் பாதியாக்கு. தினம் அரை மணி நேரம் நட. முடியும்ல?" தலையாட்டினேன். திரும்பும் வழியில் மார்க்கெட் வாசலில் விதும்புவா மாவுருண்டை பொரித்துக்கொண்டிருந்தார்கள். ஆறு உருண்டை, நின்றுகொண்டே தின்றேன். பிள்ளை முதுகில் தூங்கிக்கொண்டிருந்தான்.

ஜூலை 26 சுரங்க ஆஸ்பத்திரியில் மருத்துவச் சோதனை. அதில் தேறினால்தான் மறுபடி டம்பர் ஓட்டலாம். இல்லையென்றால் சாமான் கிடங்கில் உட்கார்ந்து கையுறை எண்ணிக் கொடுக்க வேண்டும். சுரங்கப் பள்ளத்தில் இருநூறு டன் வண்டி ஓட்டுகிற பெண்கள் ஐந்தே பேர். அதில் ஒருத்தியாக ஆவதற்கு எனக்கு நாலு வருஷம் ஆனது.

இன்றிலிருந்து எழுதப் போகிறேன். எழுதினால் ஏமாற்ற முடியாது.

ஜூன் 4

பள்ளிக்கூடம் வரை நடந்தேன். தையல் போட்ட இடம் இழுக்கிறது. களி பாதிதான்.

ஜூன் 5

நடக்கவில்லை.

ஜூன் 6

நடக்கவில்லை. காரணம் ஒன்றும் இல்லை.

ஜூன் 9, ஞாயிறு

எக்ஸில்டா அண்ணி வந்திருந்தார், என் புருஷன் கபாசோவின் அக்கா. பெரிய கிண்ணத்தில் கஞ்சி. நிலக்கடலைப் பொடி, மேலே வெள்ளையாகச் சர்க்கரை. மபாலோவின் அம்மா என்றுதான் என்னைக் கூப்பிடுவார். "குடி, பனா மபாலோ. அஞ்சு பெத்தவ சொல்றேன், கஞ்சி உள்ள போனாத்தான் பால் வெளிய வரும்." நான் பாதியில் வைத்ததைப் பார்த்து முகம் மாறிவிட்டது. மேஜை மேல் மாத்திரை அட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "இதையா முழுங்குற? அத்தனையும் பாலோட பிள்ளை வயித்துக்குல்ல போகும்?"

போகுமா? சிஸ்டர் டெம்போ ஒன்றும் சொல்லவில்லையே. நானும் கேட்கவில்லை.

மாத்திரையைத் தேயிலை டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டேன். உண்மையைச் சொன்னால் பால் மட்டும் காரணமில்லை. மாத்திரை தின்கிறவளுக்கு யார் டம்பர் சாவி கொடுப்பார்கள்? நடந்தே இறக்கிவிடலாம். ஏழு வாரம் இருக்கிறது.

ஜூன் 17

ஒரு விஷயம் கண்டுபிடித்தேன். சாயங்காலம் நாலு மணிக்குப் பையன் அழ ஆரம்பித்தால் எதற்கும் அடங்குவதில்லை. முதுகில் கட்டிக்கொண்டு நடந்தால் அடங்குகிறான். நின்றால் மறுபடி அழுகிறான். ஆகவே நடக்கிறேன். பள்ளிக்கூடம், தண்ணீர்த் தொட்டி, அதையும் தாண்டிப் பழைய தண்டவாளம் வரை. இன்று ஐம்பது நிமிடம். எனக்காக என்றால் பத்து நிமிடம்கூட நடந்திருக்க மாட்டேன்.

ஜூன் 28

தொண்ணூற்று இரண்டு.

ஜூலை 7

கபாசோவின் அண்ணன் வீட்டில் விருந்து. கோழி, களி, மறுபடி களி, முன்கோயோ பானம் இரண்டு குவளை. ஒருத்தரும் வற்புறுத்தவில்லை. நானே எடுத்துப் போட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்து குளியலறையில் உட்கார்ந்து அழுதேன். தின்பதும் நான்தான், அழுவதும் நான்தான். இது என்ன பிழைப்பு?

ஜூலை 15

வாய் இருக்கிறவர்கள் எல்லாம் பேச ஆரம்பித்துவிட்டார்கள். கபாசோ மினிபஸ்ஸை நிறுத்திவிட்டு உள்ளே வந்ததும் வராததுமாகச் சொன்னான்: "நீ தண்டவாளம் வரைக்கும் நடக்கிறத ஸ்டாண்டுல பேசுறாங்க. ஒருத்தன் கேட்டான், வீட்ல சண்டையா, தினம் கோவிச்சுக்கிட்டுப் போகுதான்னு."

"நீ என்ன சொன்ன?"

"சிரிச்சேன். வேற என்ன சொல்ல?"

அண்ணி பின்னாலேயே வந்தார். அவர் சொன்னது அதைவிட மோசம். "பிள்ளை பெத்தவ பூரிக்கணும். நீ வத்திக்கிட்டுப் போற. ஒண்ணு, என் தம்பி சோறு போடலன்னு பேசுவாங்க. இல்ல, உனக்கு அந்த நோய்னு பேசுவாங்க. எது வேணும் உனக்கு?"

எனக்கு டம்பர் வேணும் அண்ணி. சொல்லவில்லை. இங்கே மட்டும் எழுதுகிறேன்.

ஜூலை 25

நாளை. தொண்ணூறு கிலோ. நாலு கிலோ போயிருக்கிறது.

ஜூலை 26, வெள்ளி

158/102.

ஏறியிருக்கு. இறங்கல, ஏறியிருக்கு. இத்தனை நடந்தும். டாக்டர் பத்து நிமிஷம் படுக்க வச்சு மறுபடி பார்த்தார். 156.

"மாத்திரை எடுக்கிறியா?"

"எடுக்கிறேன் டாக்டர்." வாய் கூசாமல் சொன்னேன்.

"எடுத்துமா இப்படி?" தாளில் எண்ணைச் சுற்றி வட்டம் போட்டார். "இதைக் கேட்டுக்கோ, பிரிஸ்கா. இந்தப் பிரஷரோட சரிவுல இருநூறு டன்னை இறக்குறப்ப உனக்குக் கண் இருட்டினா, நீ மட்டும் சாக மாட்ட. கீழ வேலை பாக்கிறவங்களும் இருக்காங்க." செப்டம்பர் 6 மறுபடி வரச் சொன்னார். அதுதான் கடைசி. அதற்கப்புறம் கிடங்கு.

வெளியே மரத்தடியில் நமுகோலோ காத்திருந்தாள், என் வண்டியை இப்போது ஓட்டுகிறவள். என் முகத்தைப் பார்த்தாள். கையில் இருந்த பாதி வாழைப்பழத்தை நீட்டினாள். நான் வாங்கவில்லை.

என் அக்கா பெர்த்தா இரண்டாவது பிரசவத்தில் இதே பிரஷரில்தான் போனாள். இதை இதுவரை இங்கே எழுதவில்லை. எழுதினால் உண்மையாகிவிடும் என்று பயம்.

ஜூலை 29

இனி பாதி இல்லை. ஒரு வேளைதான். காலையில் கறுப்புத் தேநீர். மதியம் பூசணிக் கீரை, கொஞ்சம் கப்பென்டா கருவாடு, களி கிடையாது. ராத்திரி தண்ணீர். நடை காலையும் மாலையும்.

ஆகஸ்ட் 4

எண்பத்தெட்டு.

ஆகஸ்ட் 10

எண்பத்தாறரை. எழுந்தால் தலை சுற்றுகிறது. சுற்றட்டும். மபாலோ இப்போது காலையிலும் அழுகிறான். அப்போதும் நடக்கிறேன். நல்லதுதான், இரண்டு நடை.

ஆகஸ்ட் 14

கபாசோ தட்டை என் முன்னால் வைத்தான். தள்ளினேன். திரும்ப வைத்தான். கத்திவிட்டேன். "டம்பர் போனா போகட்டும் பிரிஸ்கா, நீ இருந்தாப் போதும்"னான். அது இன்னும் எரிச்சலா வந்தது. போனா போகட்டுமாம். அவன் பஸ்ஸை யாராவது பிடுங்கினா அப்படிச் சொல்வானா? கேட்டேன். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

எப்படி எழுதுவது.

பிள்ளைகளுக்கு எடை பார்க்கிற நாள். மரக்கிளையில் தராசு தொங்கும், அதில் கால்சட்டை மாதிரித் துணி, அதற்குள் பிள்ளையை மாட்டிவிடுவார்கள். மபாலோ தொங்கினான். சிஸ்டர் டெம்போ அட்டையைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"போன மாசம் அஞ்சு தொள்ளாயிரம். இந்த மாசமும் அஞ்சு தொள்ளாயிரம்." அட்டையில் கோடு போட்டார். மேலே ஏறிக்கொண்டு வந்த கோடு படுத்துவிட்டது. "காய்ச்சலா? வயித்தால போகுதா?"

"இல்ல சிஸ்டர்."

"நீ என்ன சாப்பிடுற?"

திரும்பிப் பார்த்தேன். வரிசையில் எனக்குப் பின்னால் பதினைந்து பேர். அவர் என்னை உள்ளே கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினார். முதலில் பால் சுரக்கிறதா என்று பார்த்தார். அப்புறம் கேட்டார்: "அழுவானா?"

"அழுவான். தூக்கிட்டு நடந்தா நிறுத்திடுவான்."

"எப்ப எப்ப அழுவான்?"

நேரத்தைச் சொல்லச் சொல்ல எனக்கே புரிந்துவிட்டது. சாயங்கால அழுகை வேறு. இந்த மாதம் காலையில் அழுதது பசி. பசியில அழுதிருக்கான். நான் அவனைக் கட்டிக்கிட்டு நடந்திருக்கேன், நடக்க நடக்க அசந்து தூங்கியிருக்கான், நானும் ரெண்டு நடை ஆச்சுன்னு நோட்டுல எழுதியிருக்கேன். என் பிள்ளையைப் பட்டினி போட்டு நான் இளைச்சிருக்கேன்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தேயிலை டப்பாவை, டாக்டரிடம் சொன்ன பொய்யை, பெர்த்தாவை. அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினார்தான். "மாத்திரை ஒண்ணு சேருமா சேராதான்னு எங்கிட்ட கேக்கணும். உன் நாத்தனார்கிட்ட இல்ல. பால் கொடுக்கிறவளுக்கு ஆகுற மாத்திரைதான் நான் எழுதினது. பட்டினி கிடந்தா பிரஷர் போகும்னு எவ சொன்னா?"

"யாரும் சொல்லல. நானாத்தான்."

கொஞ்சம் தணிந்து, என் மடியில் இருந்த பையனின் காலைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இவன் தேறிடுவான். இன்னிக்கே சாப்பிடு. நீ சாப்பிடாம இவனுக்கு ஒண்ணும் கிடையாது."

வீட்டுக்கு வந்து களி கிண்டினேன். கண்ணீரும் மூக்குமாகத் தின்றேன். கபாசோ பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆகஸ்ட் 21

மாத்திரை ஒன்று. மூன்று வேளை சாப்பாடு. நடக்கவில்லை. நோட்டில் எழுதவே கை வரவில்லை.

ஆகஸ்ட் 25

கபாசோவிடம் அக்காவைப் பற்றி இன்றுதான் முழுசாகச் சொன்னேன். இறந்தது தெரியும், எதனால் என்று தெரியாது. பஸ் துடைக்கிற துணியை மடித்து வைத்தான். "இதைச் சொல்லியிருந்தா அன்னிக்கு ஸ்டாண்டுல சிரிச்சிருக்க மாட்டேனே" என்றான்.

ஆகஸ்ட் 29

அண்ணி கஞ்சியோடு வந்தார். சர்க்கரை போட்டுத்தான். "அண்ணி, இதைக் குடிக்கிறேன். ஆனா சர்க்கரை வேணாம், மாத்திரை சாப்பிடுறேன், சாயங்காலம் நடப்பேன்" என்றேன். ஒரே மூச்சில், கோபம் இல்லாமல். அவருக்கு அது பிடிக்கவில்லை. "உன் வீடு, உன் வாய்" என்று கிண்ணத்தை வைத்துவிட்டுப் போனார். ஆனால் போகும்போது பையனைத் தூக்கிக்கொண்டு போனார். ஒரு மணி நேரம் கழித்துத்தான் கொண்டுவந்து விட்டார். அந்த ஒரு மணி நேரம் தூங்கினேன். ஏப்ரலுக்கு அப்புறம் பகலில் தூங்கியது இதுதான்.

செப்டம்பர் 3

மபாலோ 6.3. கோடு எழுந்துவிட்டது. நான் எண்பத்தேழரை. என்னுடையதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. பழக்கம்.

செப்டம்பர் 6, வெள்ளி

உள்ளே போனதும் பட்டை சுற்றுவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். "டாக்டர், போன தடவை பொய் சொன்னேன். மாத்திரை எடுக்கல. இப்ப பதினாறு நாளா எடுக்கிறேன்." அவர் பேனாவை வைத்தார். இதோடு போச்சு என்று நினைத்தேன்.

138/88.

"இன்னிக்குச் சாவி கொடுக்க முடியாது. பதினாறு நாளை நம்பி உன்னைப் பள்ளத்துல இறக்க மாட்டேன். பொய்யையும் மறக்க மாட்டேன். நாலு வாரம் கிடங்குல இரு. வாராவாரம் இங்க வந்து காட்டு. நிலையா நின்னா அப்புறம் பேசலாம்."

"மாத்திரை எடுத்தா ஓட்ட விட மாட்டீங்கன்னு நினைச்சேன்."

"எனக்கே பன்னெண்டு வருஷமா பிரஷர். மாத்திரை போட்டுக்கிட்டுத்தானே உனக்குப் பாக்கிறேன்?"

செப்டம்பர் 19

கிடங்கு. கையுறை, கண்ணாடி, பூட்ஸ். இடைவேளையில் கழிப்பறையில் நின்று பால் பீய்ச்சிக் கொட்டினேன். பீய்ச்சும்போது ஜன்னலில் என் வண்டி போவது தெரிந்தது. இன்று நடக்கப் பிடிக்கவில்லை. நடக்கவும் இல்லை. மாத்திரை மட்டும் போட்டேன்.

செப்டம்பர் 20

கபாசோ ஐந்து மணிக்கே வந்து பையனை வாங்கிக்கொண்டான். பஸ்ஸின் கடைசி டிரிப்பை இன்னொருத்தனுக்கு விட்டுவிட்டானாம். "போ, நடந்துட்டு வா. நான் என்ன செய்யணும்னு மட்டும் சொல்லிட்டுப் போ." முதுகில் பாரம் இல்லாமல் நடந்தது என்னவோ போலிருந்தது. தண்ணீர்த் தொட்டியோடு திரும்பிவிட்டேன்.

அக்டோபர் 4

நாலு வாரமும் நின்றது. 134, 136, 132, 134.

அக்டோபர் 7, திங்கள்

டம்பர் சாவி கிடைத்துவிட்டது, பகல் ஷிப்ட் மட்டும். நமுகோலோ இருக்கையைத் தன் உயரத்துக்கு மாற்றி வைத்திருந்தாள். சரிசெய்துகொண்டு முதல் இறக்கம் இறங்கினேன். பிரேக்கை விட்டுக் காலை எடுக்கவே இல்லை. இரண்டாவதில் எடுத்தேன்.

அக்டோபர் 30

சரியான வெயில். வேலைக்குக் கிளம்புமுன் இருபது நிமிடம். எண்பத்தாறு. அதற்குக் கீழே ஒரு மாதமாக அசையவில்லை. வேலைச் சட்டை இன்னும் இறுக்கம்தான். ஒரு அளவு பெரியது எழுதிக் கொடுத்து வாங்கிக்கொண்டேன்.

நவம்பர் 16, சனி

கபாசோவின் சின்னம்மா மகளுக்கு அடுத்த வாரம் கல்யாணம். இன்று பெண்கள் மட்டும் கூடிச் சீர் கொடுக்கிற விருந்து. பானை சட்டி சுமந்துகொண்டு ஆடினோம். இரண்டு தட்டுச் சாப்பிட்டேன். எழுதி வைக்கிறேன்.

நடுவில் ஒரு கிழவி என் கன்னத்தைப் பிடித்து, எல்லோருக்கும் கேட்க, "எக்ஸில்டா, உன் தம்பி பொண்டாட்டிக்கு என்ன வந்துச்சு? அவ கல்யாணத்துல பாத்தப்ப எப்படி இருந்தா" என்றாள். பாட்டு நின்றுவிட்டது. எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். அண்ணி வாயைத் திறப்பதற்குள் நானே சொன்னேன். "பிரஷர், அம்மா. பிரசவத்துல வந்து போகல. மாத்திரை போடுறேன், நடக்கிறேன்." கிழவி "ஓ" என்றாள். அவ்வளவுதான். அண்ணி கீரைப் பாத்திரத்தை என் பக்கம் நகர்த்தினார். மறுபடி பாட்டு ஆரம்பித்தது.

கை கழுவக் குழாயடிக்குப் போனேன். பின்னாலேயே ஒரு பெண் வந்தாள். பச்சைச் சட்டை, முதுகில் இரண்டு மாதப் பிள்ளை. கால் இரண்டும் செருப்பை மீறி வீங்கியிருந்தன. குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் கேட்டாள்: "அக்கா, அந்த மாத்திரை பாலுக்கு ஒண்ணும் பண்ணாதா?"

"எத்தனை இருந்துச்சு உனக்கு?"

"நூத்தி அறுபதுன்னாங்க. வீட்ல யாருக்கும் சொல்லல. மாத்திரையைத் தலையணைக்குள்ள வச்சிருக்கேன்."

குழாயை மூடினேன். திங்கட்கிழமை ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்குக் கிளினிக் வாசலில் நிற்கிறேன், சிஸ்டர் டெம்போவிடம் சேர்ந்தே போகலாம் என்றேன். வருவேன் என்று சொன்னாள். பெயர் கேட்க மறந்துவிட்டேன்.