தகர டப்பாவின் மூன்று சீட்டுகள்

நாளைக் காலை உலகத்து எலும்பு டாக்டர்கள் அத்தனை பேரையும் வாய்பிளக்க வைக்கப்போகும் என் அக்கா மகளுக்கு, ஆய்வுக்கூடத்து அமுக்கு எந்திரத்தை இருபத்திரண்டு வருஷமாகக் கட்டி ஆளும் உன் தாய்மாமன் எழுதுவது.

எல்லோரும் நலம். உன் அம்மா தெருநாயிடம்கூட உன் மேடைப் பேச்சின் பெருமையைச் சொன்னதில், அது இப்போது இந்தப் பக்கமே வருவதில்லை. போனில் பேசினால் சிரித்தே மழுப்பிவிடுவேன். அதனால் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். உட்கார்ந்து படி.

உன் பன்னிரண்டு ஜெல் வில்லைகள் இருந்தனவே, சட்டைப் பொத்தான் அளவில்? கட்டடத்துக்குச் சாரம் கட்டுவது மாதிரி அந்த ஜெல். அதில் ஏறி நின்று குருத்தெலும்பு கட்டும் கொத்தனார்கள், ஆபரேஷனில் என் முட்டியிலிருந்து சுரண்டி எடுத்த செல்கள். ஆக, அவை என் வாரிசுகள். ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லித் திரிந்தேன்.

மாநாட்டுக்குக் கிளம்பும்போது நீ சொன்னது ஒன்றே ஒன்று. தகர டப்பாவைக் குலுக்கி மூன்று சீட்டு எடுங்கள் மாமா, எந்த எண் வருகிறதோ அந்த வில்லையை அமுக்குங்கள், கண்ணால் பார்த்துப் பொறுக்காதீர்கள் என்றாய். குலுக்கினேன். இரண்டு, ஐந்து, ஒன்பது. ஐந்தாவதைப் பார்த்தேன், தண்ணீரில் ஊறிய சோப்புத் துண்டு மாதிரி சரிந்து கிடந்தது. என் பிள்ளை பரீட்சையில் தோற்பதா? சீட்டுகளைச் சட்டைப் பைக்குள் தள்ளினேன். இடுக்கியால் தொட்டுப் பார்த்து, இருப்பதிலேயே கெட்டியான மூன்றை எடுத்து அமுக்கினேன். அவை தாங்கிய அழுத்தத்தின் சராசரி நானூற்றுப் பத்து கிலோபாஸ்கல் வந்தது. நீ போனில் துள்ளிக் குதித்தாய். நானும் குதித்தேன், இந்த முட்டியோடு.

நேற்று தபால்காரம்மா வந்தார். முட்டி தேய்ந்து, படியேற முடியாமல் பாதித் தபாலைக் கீழ் வீட்டிலேயே கொடுத்துவிட்டுப் போகிறாரே, அவர்தான். உங்க மருமக கண்டுபிடிச்சதைத்தான் எனக்கு வைக்கப்போறாங்களாம் சார், எண் நல்லா வந்ததால டாக்டர் என்னையே முதல் ஆளா போட்டிருக்கார் என்று சொல்லி, என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு ஜோக்குகூட அடிக்காமல் அவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டேன். என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

அவர் போனதும் ஆய்வுக்கூடத்துக்குப் போய், சட்டைப் பையிலிருந்த சீட்டுப்படியே அமுக்கினேன். இரண்டாவது முந்நூற்றெண்பது. ஒன்பதாவது முந்நூற்றறுபது. ஐந்தாவது வெறும் நாற்பது. எந்திரம் தொட்டதும் பிதுங்கிவிட்டது. சராசரி இருநூற்றறுபது. மிச்சம் ஆறு வில்லைகள் இருக்கின்றன. சத்தியமாகத் தொடவில்லை. அவை இருக்கும் அலமாரியின் சாவியை உன்னோடு ஆய்வு செய்யும் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டேன்.

உனக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன் என்று எழுதி, அடித்துவிட்டேன். பொய். என் முட்டி ஜெயிக்கவேண்டும் என்று நினைத்தேன்.

நாளை சின்ன எண்ணையே சொல். மாமா செய்த திருட்டுத்தனம் என்று மேடையில் என் பெயரோடு சொல். டாக்டருக்கு நானே இன்று சொல்லிவிடுகிறேன். தபால்காரம்மாவிடமும் நானே போகிறேன். நீ நன்றாக இரு. திரும்பி வரும்போது டப்பாவை நீயே குலுக்கு. நான் வாசலுக்கு வெளியே நிற்கிறேன். உள்ளே வாருங்கள் மாமா என்று நீ கூப்பிட்டால் வருகிறேன்.

உன் தாய்மாமன்